பிரிக்கக் கூடாத உருமா

எங்கள் வீட்டு பீரோவில், எனக்கு இனி எந்தப் பிறவியிலும் பொருந்தாத கல்யாணக் கோட்டுக்கு அடியில், ஒரு பழைய தலையணை உறைக்குள் பெரியப்பாவின் உருமா இருக்கிறது. உருமா என்றால் தலைப்பாகைப் பட்டு. அரக்குச் சிவப்பு, அகலமான சரிகைக் கரை. போகி வந்தால் மனைவி அதை வெளியே எடுத்து, "இத என்ன செய்ய?" என்பாள். என்னைப் பற்றிக் கேட்பது போலவே இருக்கும். இரண்டுக்கும் ஒரே பதில்தான்: இருக்கட்டும்.

வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் குலசாமி கோயில். மாசித் திருவிழாவில் வகையறாவின் மூத்தவர் தலையில் பூசாரி அந்தப் பட்டைக் கட்டுவார். அவர் தேங்காய் உடைத்த பிறகுதான் மற்றவர்களுக்குத் திருநீறு. பெரியப்பா மதுரையில் எழுத்தர் வேலை பார்த்தவர். வருடமெல்லாம் அதிகாரிகளுக்குக் குனிந்த தலை அந்த ஒரு பகல் மட்டும் நிமிரும். மற்ற நாளில் பட்டைப் பார்க்கக் கேட்டால், "அது சாமி முன்னால பிரிக்கிற துணிடா. வேற எங்கயும் பிரிக்கக் கூடாது" என்பார்.

அவருடைய சித்தப்பா மகன், எனக்கு முறைக்குச் சித்தப்பா, ஒரு வருடம் கேட்டார்: "ஒரு மாசிக்கு நீங்க, ஒரு மாசிக்கு நான். முறை வச்சுக் கட்டுனா என்னண்ணே?" நியாயமான கேள்வி, பங்காளிகளுக்குள் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. பெரியப்பா கோயிலுக்கு ஒரு பூட்டுப் போட்டார். பக்கத்திலேயே சித்தப்பாவும் ஒன்று போட்டார். எங்கள் வகையறா ஒற்றுமையாகச் செய்த கடைசிக் காரியம் அது. அதன்பின் மாசிகள் வந்து போயின. அந்த நாளில் பெரியப்பா குளித்துவிட்டு பீரோவைத் திறந்து, மடிப்புக் கலையாத பட்டின்மேல் சற்று நேரம் கையை வைத்திருந்துவிட்டு மூடுவார்.

அவர் படுத்த படுக்கையானபோது சித்தப்பா பார்க்க வந்தார். கண் கலங்கியிருந்தது. "அண்ணே, இந்த மாசிக்கு நீங்களே கட்டிக்கங்க. நான் விட்டுத் தாரேன்."

பெரியப்பா தலையணையிலிருந்து எழும்பினார். "நீ யார்றா விட்டுத்தர? நான் விட்டுத் தாரேன், நீ கட்டு."

"மொதல்ல வாய்விட்டுச் சொன்னது நான்."

"மனசுல நான் போன வருசமே விட்டுட்டேன்டா!"

"யாராச்சும் ஒருத்தர் கட்டித் தொலைங்க. இல்லாட்டி எனக்குக் கட்டுங்க" என்றார் பெரியம்மா. "தம்பி, காப்பியக் குடிச்சிட்டுப் போப்பா."

"அதையும் அண்ணனுக்கே விட்டுத் தாரேன் மதினி. வாரேன்."

நான் சிரித்தேன். எப்படியும் மாசிக்குள் சரியாகிவிடும் என்று நம்பினேன். நிறையப் படித்தவன் அல்லவா.

பெரியப்பா மார்கழியில் போய்விட்டார். சித்தப்பா வந்து, உடலைப் பார்த்து நின்றார். "அந்த உருமாவ எடுத்தாங்க. அண்ணனுக்குக் கட்டிவிடுறேன்" என்றார். யாரும் மறுக்கவில்லை. அவரே இரண்டு கையாலும் வாங்கிப் பிரித்தார். பட்டு மடிப்புக்கு மடிப்பு இற்று, அப்பளம் போல் விட்டு வந்தது. இத்தனை வருடம் சாமி முன்னால் தவிர எங்கேயும் பிரிக்கக் கூடாது என்று, பிரிக்காமலே வைத்திருந்த பட்டு. ஒரு துண்டை எடுத்து நெற்றியில் வைத்துப் பார்த்தார், போதவில்லை. இரண்டைச் சேர்த்துப் பார்த்தார். பிறகு தன் தோளில் கிடந்த தேங்காய்ப்பூத் துண்டை உதறி அண்ணன் தலையில் கட்டினார். முடிச்சுப் போட அவர் கைக்கு வெகுநேரமாயிற்று.

பெரியப்பாவுக்குப் பிள்ளையில்லை. என் அப்பாவும் முன்பே போய்விட்டதால், மூத்த வழியில் அடுத்தவன் நான்தானாம். என் வழுக்கைக்கு ஒரு வாரிசுரிமை. துண்டுகளையும் கோயில் சாவியையும் பெரியம்மா என்னிடம் தந்தார். சித்தப்பா இப்போது யாரையும் அடையாளம் தெரியாமல் வாடிப்பட்டியில் கிடக்கிறார். அவருடைய சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. "பூட்ட உடைச்சிருவமாண்ணே?" என்று அவர் மகன் போனில் கேட்கிறான். உடைக்கலாம். உள்ளே போய் யார் தலையில் எதைக் கட்டுவது?

இந்தப் போகிக்கும் மனைவி உறையை எடுத்தாள். உள்ளே பட்டு மேலும் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. இருக்கட்டும் என்று வாங்கி, கோட்டுக்கு அடியில் வைத்து பீரோவைச் சாத்தினேன். அதன் பூட்டு கெட்டுப்போய் வெகுநாளாயிற்று. சரிசெய்யவில்லை; "எனக்கு வேண்டும்" என்று இனி யார் வரப்போகிறார்கள்?