பேய்ப்படத்தில் கேட்ட ஊளை

யுத்தத்துக்குப் பயந்து காலியான சென்னைக்கு ஜனங்கள் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்த நாட்கள். என் மனைவிக்கு ஏழாம் மாதம். வாரப் பத்திரிகையில் நாங்கள் இருவரும் விடாமல் படித்த பேய்க்கதை ஒன்று படமாகி மயிலாப்பூருக்கு வந்திருந்தது. பிள்ளைத்தாய்ச்சியை இதற்கு அழைத்துப் போகலாமா என்று தயங்கினேன்.

"கதைக்கே பயப்படலை. படம் என்ன பண்ணிடப் போறது?" என்றாள்.

மத்தியான ஆட்டத்துக்குப் போனோம். அந்தக் கொட்டகையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரும் வழக்கமில்லை. பெண்கள் பக்கம் மரத்தடுப்புக்கு அப்பால். அதற்கு வாசலும் தனி.

கதையில் பேய் கண்ணில் படவே படாது. ஆளில்லாத கிணற்றடியில் ராட்டினம் மட்டும் தானாகச் சுற்றும். படத்திலும் அதை அப்படியே வைத்திருந்தார்கள். பின்னணி இசை நின்றது. வெறும் முற்றம், ராட்டினத்தின் கிரீச்சொலி, அவ்வளவுதான். எனக்கு முதுகு சில்லிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். இடைவேளைக்குள் வெள்ளைப் புடவை கட்டி, முகத்தில் மாவு அப்பிய ஓர் ஆணைக் கிணற்றிலிருந்து ஏற்றிவிட்டார்கள்.

"இன்னா நைனா, பேய்க்கு ஷேவிங் பண்ண மறந்துட்டாங்கோ" என்றான் தரை டிக்கெட்டில் ஒருவன்.

"கெணத்துக்குள்ள பிளேடு யார் குடுக்கிறது?" என்றான் இன்னொருவன். கொட்டகையே சிரித்தது.

இடைவேளைக்குப் பிறகு, கதாநாயகி தனியாக இருக்கும் காட்சியில், தொலைவிலிருந்து ஓர் ஊளை எழுந்தது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. கதையில் இது இல்லை. சிரித்தவர்கள் அடங்கிப் போனார்கள். படத்திலேயே சிறந்த இடம் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். திரை அணைந்து கும்மிருட்டானபோதும் யாரோ கை தட்டினார்கள்.

"படமில்லபா, ஏரோப்ளான் சங்கு ஊதுது. அல்லாரும் கீய குந்துங்கோ" என்று வாசலிலிருந்து காவலாள் கத்தினான்.

யாரும் உட்காரவில்லை. பெண்கள் பக்கம் பெஞ்சுகள் சரிந்தன, குழந்தைகள் வீறிட்டன. இருட்டில் தடுப்பைப் பற்றிக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். அத்தனை குரல்களுக்கு நடுவே அவள் குரல் மட்டும் வரவில்லை. மிதிபட்டிருப்பாளோ என்ற நினைப்பில் தடுப்பை ஏறிக் குதித்தேன். சுவரோரம், வயிற்றை இரு கைகளாலும் அணைத்தபடி குந்தியிருந்தாள்.

அபாயம் நீங்கிய ஒலி வந்த பிறகுதான் பேசினாள்.

"ஏன்னா, அசையவே மாட்டேங்கறது."

வீட்டுக்கு நடந்தோம். விமானம் ஏதும் வரவில்லை, ஒத்திகைதான் என்று கோயில் குளத்தங்கரைக் கடைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். எங்களுக்கு அது காதில் ஏறவில்லை. அவள் ஒருக்களித்துப் படுத்தாள். என் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். விளக்கேற்றக்கூட எழுந்திருக்காமல் காத்திருந்தோம். என் கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு, மீன் புரண்டாற்போல் ஓர் அசைவு.

அவள் அழுதாள். மறுநாள் காலை எழும்பூருக்குப் போய், அவளைப் பிறந்தகத்துக்கு அனுப்ப டிக்கெட் எடுத்து வந்தேன்.