எஞ்சினுக்குக் கட்டிய கயிறு

போன ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆளைக் கொல்லப் பார்த்தேன். சும்மா சொல்லவில்லை. ஆயுதம்... ஒரு டிஜிட்டல் கேமரா!

உத்தமபாளையம் பக்கத்தில் ஓர் அணை. பெயர் வேண்டாம். அங்கே புதிதாக போட்டிங் விடுகிறார்கள். நானும் மனைவியும், தேவாரத்தில் மாவு மில் நடத்தும் என் கொழுந்தியாள் ஈஸ்வரியும் போனோம்.

லைஃப் ஜாக்கெட்டெல்லாம் டிக்கெட் கவுன்டர் சுவரில், பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் தொங்கின. "போட்டா அழுக்காயிரும் சார்" என்றார் குத்தகைக்காரர். அழுக்கானால் துவைக்கலாம். ஆள் முங்கினால்? சத்தம் போட்டு மூன்றை வாங்கி மாட்டிக்கொண்டோம். படகு ஓட்டுகிறவருக்கு நாலாவதாக ஒன்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஓட்டுகிறவர் பெயர் செல்லப்பாண்டி. நாற்பது வயதிருக்கும். பம்புசெட் மெக்கானிக்காக இருந்தவர். மணிக்கட்டில் குச்சனூர்க் கோயில் கறுப்புக் கயிறு. படகின் பின்னால் மாட்டியிருந்த எஞ்சினுக்கோ சந்தனம், குங்குமம், காய்ந்த எலுமிச்சம்பழம்... அதோடு டெலிபோன் வயர் மாதிரிச் சுருண்ட ஒரு சிவப்புக் கயிறு. மூன்று சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

"இதென்ன கயிறு?"

"எஞ்சினோடயே வந்தது சார். ஆயுத பூஜைக்குச் சுத்திக் கட்டுனோம். அவுக்கக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாக."

ஆகா, என்ன பக்தி என்று மெச்சிக்கொண்டேன். மடையன்!

நடு அணையில் எனக்கு போட்டோ ஆசை வந்தது. "எங்க மூணு பேரையும் சேர்த்து ஒண்ணு எடுங்களேன்" என்று கேமராவை நீட்டினேன். மறுக்கத் தெரியாத மனிதர். ஒரு கையில் எஞ்சின் ஹேண்டில், மறு கையில் கேமரா. பாதி எழுந்து நின்றார். தண்ணீருக்குள் ஏதோ கட்டை இடித்தது. படகு குலுங்கியது. ஆளும் கேமராவும் தண்ணீரில்!

எஞ்சின் நிற்கவில்லை. ஆளில்லாத ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பிக்கொள்ள, படகு வட்டமடித்து அவரை நோக்கியே வந்தது. பின்னால் சுழல்கிற விசிறி அவர்மேல் பட்டால்? பாய்ந்து ஹேண்டிலைப் பிடித்து முறுக்கினேன். வேகத்தைக் குறைக்கிறதாக நினைத்துக் கூட்டிவிட்டேன். "ஐயையோ, முங்குங்கண்ணே!" என்று மனைவி அலறினாள்.

ஈஸ்வரி என்னைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். அந்தச் சிவப்புக் கயிறு எஞ்சினில் சேருகிற இடத்தில் ஒரு சிவப்பு கிளிப். அதைப் பிடித்து ஒரே இழு. எஞ்சின் நின்றது. படகுக்கும் செல்லப்பாண்டியின் தலைக்கும் நடுவே ஒரு கை தூரம்தான் இருந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"தெரியாது மச்சான். மில்லுல செவப்பா இருந்தா நிப்பாட்டத்தான். இங்கன மட்டும் எதுக்கு இருக்கும்?"

அவரைத் தூக்கிப் படகில் ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்தோம். செல்லப்பாண்டிக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. குத்தகைக்காரர் வந்து கேட்டாரே ஒரு கேள்வி... "ஒண்ணும் ஆகலைல்ல சார்?"

எனக்கு வந்ததே கோபம்! ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் ஓட்டுவீர்கள்? ஆன பிறகு மாலை வாங்கிக்கொண்டு வருவீர்களா? எஞ்சினோடு வந்த புத்தகம் எங்கே என்று கத்தினேன். மேஜை டிராயரிலிருந்து வந்தது. அதுவும் கவர் பிரிக்காமல்! முதல் பக்கத்திலேயே படம். கயிற்றின் ஒரு முனை எஞ்சினில், மறு முனை ஓட்டுகிறவர் மணிக்கட்டில். ஆள் விழுந்தால் கிளிப் கழன்று எஞ்சின் நிற்கும். அவ்வளவுதான் விஷயம். மனுஷனுக்குக் கட்ட வேண்டியதை எஞ்சினுக்குக் கட்டிச் சூடம் காட்டியிருக்கிறார்கள்!

ஈஸ்வரி முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, கயிற்றைச் செல்லப்பாண்டியின் மணிக்கட்டில், கறுப்புக் கயிற்றுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டாள். "அண்ணே, யாரு சொன்னாலும் இதை அவுக்காதீக" என்றாள். நானும் என் ஜாக்கெட்டைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டேன். காலம் கடந்த ஞானோதயம்!

சட்டை காய்வதற்குள் குத்தகைக்காரர் அவரை அடுத்த டிரிப்புக்கு ஏற்றிவிட்டார். நாங்கள் கரையிலேயே நின்றோம். நடு அணையில் ஒருவர் கேமராவை நீட்டுவது தெரிந்தது. மறுக்கத் தெரியாத மனிதர் ஆயிற்றே! எழுந்தார். கயிறு விறைத்தது. கிளிப் கழன்று எஞ்சின் பட்டென்று நின்றது.

"என்னய்யா வண்டி இது, பாதியில நிக்குது!" என்று படகிலிருந்தவர்கள் போட்ட சத்தம் கரைவரை கேட்டது. செல்லப்பாண்டி உட்கார்ந்து கிளிப்பை மாட்டினார்.

குத்தகைக்காரர் என் பக்கம் திரும்பினார். "பாத்தீகளா சார்? இதுக்குத்தான் அதை எஞ்சின்லயே சுத்தி வச்சது!"

பார்த்தேன். ஆள் படகுக்குள்ளேயே இருந்தார்.