அடி பிடிக்கும் சோறு

"கிளறாதீங்கம்மா, அடி பிடிக்கணும். அதுதான் பயேயாவோட ருசி லா," என்றாள் மகள். ஸ்பெயினில் வயல் வேலைக்காரர்கள் முயலும் நத்தையும் பீன்ஸும் போட்டு, வெட்டவெளியில் விறகு மூட்டி மதியத்துக்கு ஆக்கிய சோறாம். குங்குமப்பூ போட்ட அரிசி அகன்ற தட்டைச் சட்டியில் படபடவென்று பொரிந்தது. தீய்ந்த வாசம் சிலிபினில் இருக்கும் எங்கள் வீடு முழுக்க ஏறியது.

நான் வளர்ந்த கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், லயத்து வீடு ஒன்றில் சோறு தீய்ந்தால் ஏதோ கெட்டது நடந்துவிட்டதென்று எல்லோரும் அங்கே ஓடுவார்கள். அரிசியின் அருமை தெரிந்தவர்கள் சும்மா தீயவிட மாட்டார்கள். என் ஏழு வயதில் அந்த வாசம் எங்கள் வீட்டிலிருந்தே வந்தது. பால்வெட்டப் போன அப்பாவின் தலைவிளக்கோடு கங்காணி வாசலில் நின்றார். அம்மா அடுப்பின் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் பானையை இறக்கினார்.

"ஏம்மா ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றாள் மகள், சட்டியிலிருந்து நிமிர்ந்து.

"ஜெலாப்பாங்குக்கு வேலைக்குப் போன உங்கப்பா இன்னும் வரலையே."

"வந்துருவாரு லா."

வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அது அவருடைய வண்டிச் சத்தம் இல்லை.