சாரி கார்டை அறுத்தவர்

என் வீட்டுக்காரர் தமிழரசன் ஒரத்தநாட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறை என்றால் வீட்டு வாசலில் நாலு தகரம் போட்ட இடம், அவ்வளவுதான். இரும்பு கேட், கிரில் எல்லாம் செய்வார். ஆனால் மனசு என்னவோ பைக்குக்கு ஸ்டாண்டு அடிப்பதில்தான். பால் கேன் மாட்ட, மீன் பெட்டி வைக்க, தேங்காய் மூட்டை கட்ட என்று இந்தப் பக்கத்து வண்டிகளில் பாதிக்கு அவர் கைபட்ட கம்பி ஏதாவது இருக்கும். ஒரு பிடிவாதம் உண்டு. எந்த ஸ்டாண்டாக இருந்தாலும் முதலில் தன் வண்டியில் மாட்டி, பாரம் ஏற்றி, கல்யாண ஓடைக் கரையில் ஒரு நடை ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டார்.

அந்த வண்டியில்தான் என் இடமும் இருந்தது. இடது பக்கம் கால் போட்டு, சேலை சக்கரத்தில் சிக்காமல் சாரி கார்டு மறைத்திருக்க, பதினாறு வருஷமாக ஒருக்களித்து உட்கார்ந்து வருகிறேன். எனக்கென்று பட்டா ஆன இடம் இந்த ஊரில் அது ஒன்றுதான்.

துணி காயப்போட ஒரு ஸ்டாண்டு கேட்டு மூன்று தீபாவளி போய்விட்டது. கேட்கும்போதெல்லாம் நாளைக்கு என்பார்.

தை அறுப்பு முடிந்த சமயத்தில் கால்நடைக் கல்லூரி மாணவர் அரவிந்தன் ஒரு பலகையோடு வந்தார். சர்ஃப் போர்டாம். அலைமேல் ஏறி நின்று சறுக்குவார்களாம். பக்கத்தில் அதிராம்பட்டினத்துக் கடல் இருக்கிறதே என்று கேட்டேன். அது குளம் மாதிரி கிடக்குமாம், அலைக்குக் காரைக்கால் பக்கம் போகவேண்டுமாம். அவ்வளவு தூரம் பைக்கில் கொண்டுபோக ஒரு ஸ்டாண்டு வேண்டும் என்றார்.

என் வீட்டுக்காரர் கையைப் பேண்டில் துடைத்துவிட்டுப் பலகையைத் தொட்டார். என் கல்யாணப் பட்டுச் சேலையையே கிரீஸ் கையோடு தொட்ட மனுஷன் அவர்.

வெயில் பட்டால் கெட்டுவிடும் என்று அதை வீட்டுக்குள் கொண்டுவந்து, கீழே என் தலையணையைக் கொடுத்துச் சாய்த்து வைத்தார். ஒன்பது நாள் வேறு வேலையே எடுக்கவில்லை. தரையில் சாக்பீஸால் கோடு போடுவார், அழிப்பார், உள்ளே வந்து பலகையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். எதிரே நிற்கிற என்னைப் பார்க்க மாட்டார். ஒரு பலகையைப் பார்த்து வயிறெரிகிறதே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே எரிந்தேன்.

ஒன்பதாம் நாள் ரேஷன் கடையிலிருந்து திரும்பினால், எங்கள் வண்டியின் இடது பக்கம் மொட்டையாக நிற்கிறது. சாரி கார்டை அறுத்து இரண்டு கொக்கியாக்கி, சைக்கிள் டியூப் சுற்றி, ஸ்டாண்டில் வைத்து வெல்டிங் அடித்திருந்தார்.

“வளைவு ரெடியா இருந்துச்சு ஈஸ்வரி. புதுப் பைப்ப வளைச்சா நசுங்குது” என்றார்.

“அப்ப நான் எங்க உக்கார்றது?”

ஞாயிற்றுக்கிழமை புதிதாகச் செய்துவிடலாம் என்றார். வெள்ளிக்கிழமை பட்டுக்கோட்டையில் என் தங்கை வானதி மகளுக்குக் காதுகுத்து. அதை நினைவுபடுத்தியதும், பஸ்ஸில் போய்விட்டு வரச்சொன்னார். பதினாறு வருஷத்து இடத்தைப் பலகைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, எனக்குப் பஸ்.

அன்று சாயங்காலம் பலகையை மாட்டிக்கொண்டு ஓடைக் கரையில் ஓட்டிப் பார்க்கப் போனார். காற்று ஒன்று அடித்து ஓடையில் தள்ளினால் தேவலை என்று வேண்டிக்கொண்டேன். அவரை இல்லை, பலகையை மட்டும். அரை மணி நேரத்தில் இரண்டும் முழுசாகத் திரும்பி வந்தன.

வாசலில் காத்திருந்த அரவிந்தனுக்கு ஒரு சந்தேகம். பாரமெல்லாம் ஒரே பக்கம் இருக்கிறதே, வண்டி இழுக்காதா என்று கேட்டார்.

“இழுக்காது தம்பி. எங்க வீட்டம்மா அந்தப் பக்கம்தான் உக்காருவாங்க. கீழ்க் கொக்கி அவங்க பாதம் வர்ற உயரம், மேல் கொக்கி முட்டி உயரம். அந்தப் பாரம் என் கைக்குப் பழகிப்போச்சு. உங்களுக்கும் நாலு நாள்ல பழகிடும்.”

கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. இடம்தான் போயிற்று என்றால் என் அளவையும் அல்லவா எடுத்துக் கொடுத்திருக்கிறார். மறுநாளே ஸ்டாண்டைக் கழற்றி அரவிந்தன் வண்டியில் பூட்டி அனுப்பினார். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் பஸ்ஸுக்குப் போகவில்லை. வானதி வாங்கிக் கொடுத்து, பீரோவிலேயே கிடந்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்து, இரண்டு பக்கமும் கால் போட்டு வண்டியில் உட்கார்ந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். வண்டியைக் கிளப்பினார்.

பட்டுக்கோட்டை ரோட்டில் வைக்கோல் காயப்போட்டிருந்த இடத்தைத் தாண்டியதும் வண்டி வலது பக்கம் ஒதுங்கியது. நேராக்கினார். மறுபடியும் ஒதுங்கியது. எதிரே வந்த டிராக்டர்காரர் ஹாரன் அடித்தார். இரண்டு கிலோமீட்டரில் ஓரமாக நிறுத்தி, டயரை அமுக்கிப் பார்த்தார், ஹேண்டில்பாரை ஆட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

“என்னமோ தெரியல ஈஸ்வரி, வண்டி வலப்பக்கமே போவுது. இடது பக்கம் ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு.”

“நாலு நாள்ல பழகிடும், ஓட்டுங்க” என்றேன்.