அம்மா போனின் சிம்

வத்திராயிருப்பிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸிலேயே வேலை பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். லேப்டாப்புக்குள் சிம் போட்டு நெட் எடுக்க இருந்த மோடமோ, லினக்ஸில் என் சிம்மைக் கண்டுகொள்ளவே இல்லை. கோளாறு மோடத்திலா சிம்மிலா என்று பார்க்க, அம்மா குளிக்கப் போன நேரத்தில் அவள் போனிலிருந்த சிம்மைக் கழற்றிச் செருகினேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. பட்டாளத்தில் இருக்கும் அண்ணன் ஞாயிறுதோறும் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவான் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

மோடம் உடனே விழித்துக்கொண்டு, சிம்மைத் திறக்க நாலு இலக்க 'பின்' (PIN) நம்பர் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு போட்டேன். தப்பு. நாலு சைபர் போட்டேன். அதுவும் தப்பு. இன்னும் ஒரு தடவை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும் என்றது திரை. போன வாரமே அண்ணன் கூப்பிடவில்லை.

அம்மா வந்து போனைக் கையில் எடுத்ததும் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

"ஏட்டி, கூறு கெட்டவளே! ஒங்கண்ணன் அவன் பட்டாள நம்பர்ல கடைசி நாலத்தான போட்டுக் குடுத்தான்."

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, அண்ணனுக்கு ராணுவம் கொடுத்த அடையாள எண் முழுவதையும் தடங்கலில்லாமல் சொன்னாள். கடைசி நான்கைப் போட்டேன், திறந்தது. சிம்மைப் போனிலேயே திரும்பப் போட்டுக் கொடுத்தேன்.

"இம்புட்டுப் பெரிய நம்பர எதுக்கும்மா மனப்பாடம் பண்ணுன?"

"அவனுக்கு ஒண்ணுன்னா அந்த நம்பரச் சொல்லித்தானட்டி பட்டாளத்துலருந்து கூப்பிடுவாக."

அன்று மாலை போன் அடித்தபோது, இரண்டு பேருமே உடனே எடுக்கவில்லை.