வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது

வெப் பக்கம் செய்கிற தொழிலில், பக்கத்தைச் செய்ய ஆகிற நேரத்தைவிட எந்த ஃப்ரேம்வொர்க்கில் செய்வது என்று கத்திக்கொள்ள ஆகிற நேரம்தான் அதிகம். இந்தக் கத்தலில் தொண்டை போனவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். மற்றவர்களுக்கு ஒரு வரி: வீடு கட்டும்போது மேஸ்திரி கட்டுகிற சாரம் மாதிரி, பக்கம் கட்ட யாரோ ஏற்கெனவே செய்துவைத்த சாரம்தான் ஃப்ரேம்வொர்க். சில சமயம் வீட்டைவிடச் சாரம் பெரிதாகிவிடும்.

நான் எம்.சி.ஏ. கடைசி வருஷம். கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலில், ஊரிகம் பக்கம், சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். சுரங்கத்தை மூடிவிட்டார்கள்; அதன் தூசி மட்டும் இங்கே பலர் நெஞ்சில் இருக்கிறது. என் அப்பா நெஞ்சிலும். மூச்சு முட்டுகிறவர்களுக்குக் கொடுக்க சர்ச் ஹாலில் சில ஆக்ஸிஜன் மெஷின்கள் உண்டு. அவற்றைப் பார்த்துக்கொள்கிற மேரி அக்கா கார்மென்ட்ஸில் வேலை செய்கிறார். கம்பெனி கேட்டிலேயே ஃபோனை வாங்கி வைத்துக்கொள்வதால் பகலில் அவரைப் பிடிக்க முடியாது. அதனால் எந்த மெஷின் காலி, ஹால் சாவி இன்று யார் வீட்டில் என்று காட்டுகிற ஒரு பக்கம் செய்துகொடுக்கச் சொன்னார். கேட்டது அவ்வளவுதான்.

ரயில் பஞ்சாயத்து

எங்கள் லைனிலேயே இருக்கும் பிரகாஷ் அண்ணா பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போகிறவர். காலை ரயிலில் ஒன்றாகத்தான் போவோம். அவர் ரியாக்ட் என்கிற பெரிய சாரம்தான் வேண்டும் என்றார். நான் ஸ்வெல்ட் என்கிற சின்னச் சாரம் போதும் என்றேன், ஃபோனுக்கு வந்து சேர வேண்டிய கோப்பு சின்னதாக இருக்கும் என்பதால். பங்காருபேட்டையில் ஆரம்பித்த சண்டை, கூட்டத்தில் நசுங்கி நின்றுகொண்டே, இறங்குகிற வரைக்கும் போனது. எதிரே உட்கார்ந்திருந்த பூக்கூடைக்கார அம்மா, "புருஷன் பொண்டாட்டியா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

"மூச்சு வாங்குறவங்க பார்க்கப்போற பக்கம் அண்ணா. எதுக்கு இவ்ளோ பெரிய மூட்டை?" என்று கேட்டேன். அவர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தபடி சொன்னார்: "மெஷின் இன்னிக்கு ஒருத்தர் வீட்ல இருக்கும், நாளைக்கு இன்னொருத்தர் வீட்டுக்குப் போயிடும் ஷாலு. ரெஸ்யூமேல இருக்கிறதுதான் நம்ம கூடவே வரும்."

ஒரு அழகான வட்டம்

அவர்தான் ஜெயித்தார். மூட்டை பெரிதாக இருந்ததால், அது வந்து சேர்கிற வரை திரை வெள்ளையாகக் கிடக்கக் கூடாது என்று நடுவில் ஒரு வட்டம் சுற்ற வைத்தார். தங்க நிறத்தில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்துக் காட்டினோம். மெஷினைப் பற்றிக் கேட்டவர்களைவிட வட்டத்தை மெச்சியவர்கள் அதிகம்.

முன் வரிசையில் சின்னப்பன் பெரியப்பா. அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் இறங்கியவர். சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற கேஜ் என்கிற கூண்டை, மேலே காவல் நிற்கிற பேங்க்ஸ்மேன் மணி அடிப்பதற்கு முன் தொட்டால் அந்தக் காலத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். மணி வரும்வரை கையைக் கட்டி நிற்பது அவர்கள் உடம்பில் ஊறியது. "இது சுத்தும்போது நாங்க இன்னா பண்ணணும்?" என்று கேட்டார். "ஒண்ணும் பண்ணாதீங்க பெரியப்பா, கை வைக்காம இருங்க, தானா வரும்" என்றார் பிரகாஷ் அண்ணா. பெரியப்பா திரும்பி மற்றவர்களுக்கு விளக்கினார்: "புரிஞ்சுதா? இது சுத்துதுன்னா கீழ யாரோ வேலை செஞ்சுக்கினு கீறான்னு அர்த்தம்."

"என் ஃபோன்ல வருதே"

இந்த வாக்கியத்தால் அடிபடாதவர் நம் தொழிலில் யாராவது உண்டா? எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னல் ஒன்றில்தான் சிக்னல் வரும். ஃபோனை அங்கே வைத்துப் பக்கத்தைத் திறந்தேன். வட்டம் சுற்றியது, சுற்றியது, பால் பொங்கி வழிந்தது, அப்போதும் சுற்றியது. அப்பா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, உன் கேஜ் நடுவுல மாட்டிக்கிச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலில் முடிந்தது.

மறுநாள் ரயிலில் பிரகாஷ் அண்ணாவிடம் சண்டைக்கு நின்றேன். இனி ரியாக்டும் வேண்டாம், ஸ்வெல்ட்டும் வேண்டாம், வெறும் எழுத்தாக ஒரு பக்கம் போதும் என்றேன். சாரமே இல்லாமல் கட்டுவதா என்று அவருக்கு அவமானமாக இருந்தது. தன் ஃபோனை எடுத்து என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். பக்கம் பட்டென்று வந்தது. ரயில் அப்போது ஒயிட்ஃபீல்டைத் தாண்டி, சிக்னல் முழுசாகக் கிடைக்கிற பெங்களூருக்குள் வந்திருந்தது. "பார்த்தியா? பக்கம் நல்லாத்தான் இருக்கு. உங்க ஜன்னலை மாத்து."

பெரியம்மா சொன்னது

அது ஒரு மத்தியானம். சின்னப்பன் பெரியப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்திருக்கிறது. ரோசம்மா பெரியம்மா ஃபோனை ஜன்னல் கம்பியில் சாய்த்துவைத்து, நாங்கள் சொல்லிக்கொடுத்தபடியே பக்கத்தைத் திறந்திருக்கிறார். வட்டம் வந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். வெகுநேரம் கழித்து, பெரியப்பாவின் உதடு நீலமானதைப் பார்த்துத்தான் பெரியம்மா எழுந்து ஹாலுக்கு ஓடினார். சாவி அவர்கள் எதிர்வீட்டிலேயே இருந்தது. மெஷின் காலியாக இருந்தது. தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்த வட்டம் பக்கத்தின் முதல் துளி, மீதி எல்லாம் பின்னால் வர வேண்டிய மூட்டையில் இருந்தது. மூட்டை பாதி வழியில் நின்றுபோனது வட்டத்துக்குத் தெரியாது. அது சுற்றிக்கொண்டே இருக்கும். நான் போய் ஃபோனை எடுத்தபோதும், அழுகைச் சத்தத்துக்கு நடுவில், தங்க நிறத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பெரியம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பேன். எனக்குப் பேசத் தெரியும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சுத்திக்கினுதாம்மா இருந்துச்சு. அந்தப் பக்கம் நீங்க யாரோ பார்த்துக்கினு கீறீங்கன்னு நானும் கை வைக்கல."

சாரம் இல்லாத பக்கம்

அடக்கம் முடிந்த மறுநாள் வெறும் எழுத்தில் பக்கத்தை எழுதினேன். காலியான மெஷின், சாவி இருக்கிற வீடு, அந்த வீட்டு ஃபோன் எண். வட்டம் கிடையாது. சமையலறை ஜன்னலில் அடுப்பைப் பற்றவைப்பதற்குள் வந்துவிட்டது. இப்படி எழுத எந்தக் கல்லூரியும் தேவையில்லை என்று நினைத்தபோது வந்த அழுகை கோபமா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை.

மேரி அக்கா கார்மென்ட்ஸ் போகும் முன் திறந்து பார்த்து, "இதைத்தானேம்மா நான் மொதல்லயே கேட்டேன்" என்றார். பிரகாஷ் அண்ணா ஒரு வாரம் ரயிலுக்கே வரவில்லை. வந்த அன்று என் பக்கத்தில் நின்றார். பங்காருபேட்டை போனது, மாலூர் போனது, நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "திட்டேன் ஷாலு. நீ சும்மா நிக்கிறதுதான் தாங்கல."

இன்டர்வியூ

பெங்களூரில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. நீங்களாகச் செய்த ஏதாவது காட்டுங்கள் என்றார்கள். இந்தப் பக்கத்தைக் காட்டினேன். கேள்வி கேட்டவர் மேலே தள்ளினார், கீழே தள்ளினார், திரும்ப மேலே தள்ளினார். ஃப்ரேம்வொர்க் ஏன் இல்லை என்று கேட்டார். பெரியப்பாவைப் பற்றி, ஜன்னலைப் பற்றி, மணிக்குக் காத்திருக்கிற பழக்கத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் கெட்டவரில்லை. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "சாரிம்மா, ஆனா இதுல நீங்க பண்ணது என்ன?"

அப்பா

மழைக்காலம் வந்ததும் அப்பாவுக்கும் மெஷின் தேவைப்பட்டது. ஒரு நாள் நான் காலேஜில் இருக்கும்போது மூச்சு முட்டியிருக்கிறது. அவரே பக்கத்தைத் திறந்து, சாவி இருந்த வீட்டுக்கு ஃபோன் செய்து, மெஷின் வந்து, மூக்கில் குழாயை மாட்டிக்கொண்ட பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். கிளாஸ் வாசலில் நின்றபடி, மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டேன். பிறகு அப்பா குரல் வந்தது, சின்னப்பன் பெரியப்பா குரல் மாதிரியே இளைத்துப்போய்: "வந்துருச்சும்மா, பயப்படாத. ஆனா ஒண்ணுமே சுத்தலையே, அந்தப் பக்கம் யாரும் வேலையில இல்லையா?"

எந்த ஃப்ரேம்வொர்க் நல்லது என்று ஜூனியர்கள் இன்றும் என்னைக் கேட்கிறார்கள், நானும் சொல்கிறேன்: எல்லாமே நல்லதுதான், காத்திருக்கிறவருக்கு மூச்சு மிச்சமிருந்தால்.