மடைக்குப் போன ஜீப் கதவு

சென்ற மார்கழியில், வரதராஜன்பேட்டையைத் தாண்டி ஓர் ஏரி வாய்க்கால் ஓரத்தில் நடந்தது இது. எனக்குப் பெரம்பலூர். இன்ஜினியரிங் முடித்து வேலைக்குப் போகிற பெண்தான் என்றாலும், லீவு நாளில் கையில் ஸ்பேனர் இல்லாவிட்டால் எனக்குப் பொழுது போகாது. ஜெயங்கொண்டம் பக்கம் சித்தப்பாவின் முந்திரிக்காட்டில் பல வருஷமாக ஒரு பழைய பெட்ரோல் ஜீப் நின்றுகொண்டிருந்தது. "நீயே எடுத்துக்க, எனக்கு எடமாவது மிச்சமாவும்" என்று அவர் சொன்ன நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எஞ்சின் சீக்கிரமே உயிர் பெற்றுவிட்டது. மட்கார்டுகளையும் பானெட்டையும் ஒடுக்கு எடுத்து, துரு தேய்த்து மாட்டிவிட்டேன். பின்கதவு மட்டும் இல்லை. ஜீப்பின் பின்னால் கீழ்நோக்கித் திறக்குமே, அந்தக் கதவு. அதில் ஜீப்பைத் தயாரித்தவர்களின் பெயரை இரும்பிலேயே புடைப்பாக அழுத்தியிருப்பார்கள். திருச்சியில் புதிதாகச் செய்த கதவு கிடைக்கிறது; ஆனால் எழுத்து இருக்காது, மொட்டைத் தகடு. இந்த ஜீப்போடு வந்த கதவுதான் வேண்டும் என்று சித்தப்பாவைக் குடைந்தேன்.

"ரிவர்ஸ் எடுக்கறப்ப முந்திரி மரத்துல வுட்டுட்டேன். நடுவுல குழிஞ்சி போச்சு, கழட்டிப் போட்டேன். அத வாய்க்கால்ல மடை அடைக்க வெச்சிருக்காங்க. போயிப் பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். வாய்க்காலுக்குக் குறுக்கே, பாசி படிந்து, எழுத்துகள் தலைகீழாக, என் கதவு தண்ணீரை மறித்துக்கொண்டு நின்றது. தண்ணீர் படும் விளிம்பைத் துரு அரித்திருந்தது. இன்னும் ஒரு பருவம் அங்கேயே கிடந்தால் எழுத்தும் போய்விடும். பக்கத்து வயல் அக்கா மண்வெட்டியோடு வரப்பில் நின்றிருந்தார். விஷயத்தைச் சொல்லி, வேறு நல்ல தகடு போட்டுத் தருகிறேன் என்றேன்.

"ஜீப்பு ஓடறதுக்கு இந்தக் கதவு வேணுமா?"

"ஓடறதுக்கு வேணாங்க்கா. ஆனா..."

"எனக்கு வேணும். பயிரு கதிரு வாங்குற நேரம். மொறத் தண்ணி வர்ற அன்னிக்கி மடை நிக்கலன்னா, ஒன் ஜீப்புல தண்ணி மொண்டாந்து ஊத்துவியா?"

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் விடவும் மனமில்லை. அரியலூரில் கனமான இரும்புத் தகடு வாங்கி, அளவு பிசகாமல் வெட்டி, ஓரம் தேய்த்து, ஏரித் தண்ணீர் அவர் வயலுக்குத் திரும்பும் அடுத்த முறை நாளன்று கொண்டுபோய் நிறுத்தினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. தண்ணீர் வந்ததும் இரண்டு பக்கமும் பீய்ச்சி அடித்தது. வைக்கோல் திணித்தோம், சேறு அப்பினோம், எல்லாம் கரைந்துகொண்டு போனது. கடைசியில் அந்த அக்காவே என் தகட்டைப் பிடுங்கிக் கரையில் எறிந்துவிட்டுப் பழைய கதவை வைத்தார். சொட்டு ஒழுகவில்லை.

தண்ணீர் பாய்ந்து முடிந்ததும் இறங்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. மடை கட்டிய கொத்தனார், கல்லில் இடித்த கதவு மூலையை மடக்கிவிட்டு, ஈரச் சிமெண்டிலேயே கதவை அழுத்தி அச்சு எடுத்திருக்கிறார். அந்த விளிம்பு முழுக்க என் கதவின் கோணல். நேரான எதுவும் அங்கே பொருந்தாது.

"சிமெண்ட உடைச்சிட்டுப் புதுசா கட்டித் தரட்டுங்களாக்கா?"

"தண்ணி ஓடுற வாய்க்கால்ல சிமெண்டு எங்கம்மா புடிக்கும்? வூட்டுக்குப் போ."

"அப்ப இதே மாதிரி கோணலா ஒண்ணு செஞ்சாந்தா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நேரா இருக்கறதக் கோணலாக்கறதுக்கா காலேசு போன?" என்று சிரித்துவிட்டார். அப்புறம், "எடுத்துட்டுப் போ. அடுத்த மொறைக்குள்ள இங்க ஒரு கதவு நிக்கணும். ஒன்னோடதோ என்னோடதோ" என்றார்.

கதவைப் பார்த்ததும் சித்தப்பாவுக்கு ஒரே குஷி. "கைக்கு வந்துடுச்சில்ல, பேசாம மாட்டிட்டு ஓட்டுவியா..." என்று ஆரம்பித்தார். "சித்தப்பா, அவங்க வயலு காஞ்சா அது என் தலையிலதான்" என்றேன்.

கதவைப் பக்கத்தில் நிறுத்திவைத்து, அந்த அக்கா கரையில் எறிந்த அதே தகட்டில் வேலையைத் தொடங்கினேன். மூலையை மடக்குவது சுலபம் என்று அதை முதலில் செய்தேன். பிறகு நடுவில் மரம் மோதி, விளிம்பு வரை வளைத்திருந்த குழியை வரவழைக்க அடித்தால், தகடு முறுக்கிக்கொண்டு மூலை வேறு பக்கம் திரும்பியது. மூலையைச் சரி செய்தால் நடு எகிறியது. அடித்து அடித்து அந்தத் தகடு அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்து பழைய கதவையே வெறித்துக்கொண்டிருந்தேன். சட்டென்று உறைத்தது: மரம் மோதியது முதலில், கொத்தனார் மடக்கியது பிறகு. நான் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறேன்!

மறுபடி அரியலூர், மறுபடி தகடு. இந்த முறை மணல் மூட்டைமேல் வைத்து நடுவில் முதலில் குழித்தேன். மூலையைக் கடைசியில் மடக்கினேன். பழைய கதவின்மேல் வைத்தால் தட்டுமேல் தட்டு வைத்தது போல உட்கார்ந்தது.

அடுத்த முறைத் தண்ணீர் அன்று அதை மடையில் நிறுத்தினேன். தண்ணீர் வந்தது, முட்டியது, மெதுவாக ஏறி வயலுக்குள் திரும்பியது. அந்த அக்கா விளிம்பு முழுக்கக் கையால் தடவிப் பார்த்தார். "இப்ப எடுத்துட்டுப் போ ஒன் கதவ" என்றார்.

அதன் பிறகுதான் உண்மையான வேலை. ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் கோணல் தகட்டைச் செய்யாமல் இருந்திருந்தால், கதவு கிடைத்த கையோடு நடுக் குழியில்தான் சுத்தியலை இறக்கியிருப்பேன். எழுத்துகள் அங்கேதான் இருக்கின்றன. மடங்கிய மூலை தகட்டை இறுக்கிப் பிடித்திருக்க, நடுவில் அடித்தால் இரும்பு இழுபட்டு எழுத்தே கிழிந்திருக்கும். இப்போது எனக்கு வரிசை தெரியும். கடைசியாக மடங்கிய மூலையை முதலில் பிரித்தேன். அது விட்டுக்கொடுத்ததும் நடுக் குழி பாதி தானாகவே தளர்ந்தது. மீதியைப் பின்னால் இரும்புக் கட்டையைத் தாங்கக் கொடுத்து, சின்னச் சின்னத் தட்டாகத் தட்டி எடுத்தேன். அரித்த விளிம்பை மட்டும் வெட்டிப் புதுத் துண்டை வெல்டிங்கில் பற்ற வைத்தேன். பட்டி பூசி மறைக்கவில்லை. ஒரே ஓர் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கதவை மாட்டி வாய்க்கால் வரை ஓட்டிக்கொண்டு போனேன். அந்த அக்கா பின்னால் வந்து நின்று ஒரு கண்ணை மூடி நோட்டம் பார்த்தார்.

"நெசமாவே நிமுத்திட்டியே! இனிமே இது எனக்கு ஒதவாது, போ" என்றார்.

அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. அவசரக்காரிதான் நான், இன்னும் மாறவில்லை. ஆனால் தகடானாலும் சரி, தோழியோடு வந்த மனத்தாங்கலானாலும் சரி, கோணிப்போன ஒன்றைச் சரிசெய்ய உட்காரும்போது, அது கடைசியாக எங்கே மடிந்தது என்பதைத்தான் இப்போதெல்லாம் முதலில் தேடுகிறேன்.